விபூதி சிவப்பாகாமல் பேக்ரவுண்ட் எடுப்பது எப்படி

பேனர் டிசைன் கடை ஆரம்பித்த இரண்டாம் வருடம் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு பேனர் ஆர்டர் வந்தது. எட்டடிக்கு ஐந்தடி. வெள்ளைத் திரைக்கு முன்னால் எடுத்த மார்பளவு படம், சந்தன நிற ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி. வெள்ளை நிறத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்தேன். படத்தைத் தூக்கி அரக்குச் சிவப்புத் தரையில் வைத்தேன். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா, முகூர்த்த நேரம் சரியா என்று பார்ப்பதிலேயே கண் இருந்தது. நெற்றியில் தெரிந்த மூன்று சிவப்புக் கோட்டைக் குங்குமம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன் போலிருக்கிறது. மண்டப வாசலில் பேனரை ஏற்றிக் கட்டிய பிறகு பெரியவரின் மகன் போன் செய்தார். "ஏம்மா, எங்கப்பா என்ன நெத்தியில அடிபட்டா நிக்கிறாரு?"

வெள்ளைத் திரையோடு சேர்ந்து விபூதியும் போயிருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பேனரின் சிவப்பு தெரிந்திருக்கிறது. சிரிப்பில் ஒரு முன்பல்லும் அப்படித்தான்.

ராத்திரியோடு ராத்திரியாக என் செலவில் மறு பேனர் அடித்துக் கட்டினோம். திருமங்கலத்தில் கடை போட்டு இப்போது பதினான்கு வருடம் ஆகிறது. காதணி விழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கபடி டீம் பனியன் என்று எது வந்தாலும் கூடவே வரும் பேச்சு ஒன்றுதான்: "அக்கா, பேக்ரவுண்டை மட்டும் தூக்கிடுங்க." அந்த 'மட்டும்'தான் என் அரை நாளைத் தின்னும். வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருவதை அப்படியே இங்கே எழுதுகிறேன். நான் வைத்திருப்பது கிம்ப் 2.10 என்ற இலவசப் படத் திருத்த மென்பொருள். காசு கொடுக்க வேண்டாம், திருட்டு காப்பி என்ற பயமும் வேண்டாம். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் வேலை இதேதான், மெனுவின் பெயர்கள்தான் மாறும்.

வெள்ளை வேறு, வெற்றிடம் வேறு

முதலில் இது மண்டையில் ஏற வேண்டும். படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். மூன்றும் 255 ஆனால் வெள்ளை. ஆக, வெள்ளை ஒரு நிறம். டிரான்ஸ்பரண்ட் என்பது இந்த மூன்றிலும் இல்லை, அது நான்காவது எண். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். ஆல்ஃபா 255 என்றால் புள்ளி கெட்டியாக நிற்கும். 0 என்றால் அங்கே கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. நடுவில் 128 என்றால் ஈர வேட்டி மாதிரி, துணியும் தெரியும், அதற்குப் பின்னால் இருப்பதும் தெரியும்.

1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் வேலை பார்த்தபோது, இந்த எண்ணை நிறத்தோடேயே சேர்த்து வைக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு படங்களைக் கலக்கும் சூத்திரத்தில் வரும் கிரேக்க எழுத்தையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். 1984ல் போர்ட்டர், டஃப் என்ற வேறு இருவர் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்கும் கணக்குகளை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். கல்யாண பேனரில் மாப்பிள்ளையைத் தாமரை மேல் நிற்க வைக்கும்போது நம் கம்ப்யூட்டர் போடுவது அந்தக் கணக்கைத்தான்.

நான்காவது எண்ணை எல்லா வகைக் கோப்பும் தாங்காது. ஜேபெக்கில் (.jpg) அதற்கு இடமே கிடையாது. நீங்கள் எவ்வளவு அழகாக வெட்டியிருந்தாலும் ஜேபெக்காகச் சேமித்த அடுத்த நொடி பின்னால் ஏதோ ஒரு நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜிஃப்பில் இடம் உண்டு, ஆனால் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைதான். ஈர வேட்டி அங்கே நடக்காது, அதனால்தான் ஜிஃப் ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஜிஃப்பின் சுருக்கும் முறைக்குக் காப்புரிமைத் தகராறு வந்தபோது, அதற்கு மாற்றாகப் பிறந்தது பி.என்.ஜி. 1996ல் அது இணையத் தரமாகவே அறிவிக்கப்பட்டது. 0 முதல் 255 வரை எல்லா நிலையும் அதில் நிற்கும். வெப்பீ (.webp) என்ற கோப்பு வகையும் தாங்கும். ஆனால் எங்கள் பக்கத்து பிரஸ்காரர்களிடம் வெப்பீ கொடுத்தால் 'இது திறக்க மாட்டேங்குதுக்கா' என்று திரும்பி வரும். பி.என்.ஜி.யே போதும்.

போலியைக் கண்டுபிடிப்பது

'இதோ பி.என்.ஜி. இருக்கு' என்று பெருமையாகக் கொண்டு வருகிற படங்களில் பாதி போலி. நெட்டில் முருகர் படம் தேடியிருப்பார்கள். பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் இருக்கும். ஆனால் அந்தக் கட்டமே படத்தில் வரைந்தது. மென்பொருள் 'இங்கே ஒன்றுமில்லை' என்று காட்டுவதற்குப் போடும் கட்டத்தை யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பி.என்.ஜி. என்று பெயர் வைத்திருப்பார்கள். பெயரின் கடைசியில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு சான்றே இல்லை.

கண்டுபிடிக்கப் பத்து வினாடி போதும். கிம்ப்பில் திறந்து பெரிதாக்கவும். நிஜக் கட்டம் என்றால் எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே அளவில் நிற்கும், ஏனென்றால் அது படத்தில் இல்லை, திரையில் இருக்கிறது. போலி என்றால் படத்தோடு சேர்ந்து கட்டமும் ஊதிப் பெருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன்

கையில் வந்த படத்தின் அளவைப் பார்க்கவும். வாட்ஸ்அப்பில் வந்த 900 பிக்சல் அகலப் படத்தைப் பத்தடி பேனரில் முழு அகலத்துக்கு நீட்டினால், பத்தடி என்பது 120 அங்குலம், அங்குலத்துக்கு ஏழரைப் புள்ளிதான் விழும். அதில் முடி முடியாகக் கட் பண்ணி என்ன பயன்? ஸ்டுடியோவிலிருந்து ஒரிஜினலை வாங்கி வரச் சொல்லிவிடுவேன். பத்தில் ஏழு பேர் வாங்கி வந்துவிடுகிறார்கள், கேட்காததுதான் குறை.

அடுத்து இமேஜ் மெனுவில் மோட் என்ற இடத்தில் ஆர்.ஜி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இண்டெக்ஸ்டு என்று இருந்தால் ஓரத்தை எவ்வளவு மென்மையாக்கினாலும் ரம்பப் பல்தான் வரும். பிறகு லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்) மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதில் ஆட் ஆல்ஃபா சேனல். ஜேபெக்கைத் திறந்த எவரும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். அழிப்பானால் தேய்ப்பார்கள், கட்டம் வராது, வெள்ளை வரும். நான்காவது எண்ணே இல்லாத லேயரில் அழித்தால் பேக்ரவுண்ட் கலரைப் பூசுவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. லேயர் பட்டியலில் பெயர் தடித்த எழுத்தில் இருந்தால் ஆல்ஃபா இன்னும் சேரவில்லை என்று அர்த்தம்.

இப்போது என் கடையின் சட்டம். படத்துக்கு அடியில் புது லேயர் ஒன்று போட்டு, படம் கடைசியில் எந்த நிறத்தின் மேல் உட்காரப்போகிறதோ அந்த நிறத்தை ஊற்றி வையுங்கள். அரக்குச் சிவப்பு பேனர் என்றால் அரக்குச் சிவப்பு. தெரியாவிட்டால் இரண்டு தரை போடுங்கள், ஒன்று கறுப்பு, ஒன்று கிளிப்பச்சை. லேயர் பட்டியலில் லேயரைக் காட்டவும் மறைக்கவும் உள்ள கண் அடையாளத்தை மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்கவும். சதுரங்கக் கட்டத்தை நம்பி வேலை செய்யக் கூடாது. சாம்பலும் வெள்ளையுமான அந்தத் தரை, வெள்ளைப் படத்தில் கட் பண்ணிய தப்பையெல்லாம் மூடி மறைத்துவிடும். அன்றைக்கு நான் முதலிலேயே கறுப்பைப் போட்டுப் பார்த்திருந்தால் விபூதி கறுத்தவுடனே தெரிந்திருக்கும், குங்குமம் என்று ஏமாந்திருக்க மாட்டேன்.

கையெழுத்து, சீல், கோலம்

சுலபத்தில் தொடங்குவோம். வெள்ளைத் தாளில் ஒரே மையில் வரைந்த எதற்கும் ஒரே வழிதான். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் கையெழுத்தை யாரும் கட் பண்ணிக் கேட்டால் நான் செய்வதில்லை. கையெழுத்துக்காரர் நேரில் உட்கார வேண்டும், அது தெரிந்தவராக இருந்தாலும் சரி.

கையெழுத்தை போனில் படம் பிடித்தால் தாள் வெள்ளையாக வராது. ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் கை நிழல். முதலில் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ். அங்கே மூன்று சொட்டுக்குழாய் இருக்கும். வெள்ளைக் குழாயால் தாளில் நிழல் விழுந்த இடத்தைத் தொடவும், தாள் முழுக்க வெளுக்கும். கறுப்புக் குழாயால் மை அடர்ந்த இடத்தைத் தொடவும். மையின் நிறம் கொஞ்சம் கெடும், கவலைப்பட வேண்டாம், நிறத்தை நாமே கடைசியில் ஊற்றப்போகிறோம்.

லேயரை ரைட் கிளிக் செய்து ஆட் லேயர் மாஸ்க் போடுங்கள். வரும் பட்டியலில் கிரேஸ்கேல் காப்பி ஆஃப் லேயர் என்பதைத் தேர்ந்து, கீழே இன்வர்ட் மாஸ்க் என்ற கட்டத்தில் டிக் வையுங்கள். மாஸ்க் என்பது கறுப்பு வெள்ளைத் தாள் ஒன்று. அதில் எங்கே வெள்ளையோ அங்கே படம் தெரியும், எங்கே கறுப்போ அங்கே மறையும், சாம்பல் என்றால் பாதி. தாள் வெள்ளை, மை கறுப்பு என்பதைத் தலைகீழாக்கிவிட்டால் மை மட்டும் தெரியும், தாள் போய்விடும். பேனா மெலிந்து ஓடிய இடம் தானாகவே பாதி ஒளியில் நிற்கும்.

இப்போது மாஸ்க்கின் சின்னப் படத்தை விட்டு, இடது பக்கம் இருக்கும் லேயரின் சின்னப் படத்தைக் கிளிக் செய்துவிட்டு, முழு லேயருக்கும் நீல மை நிறத்தை ஊற்றுங்கள். கையெழுத்து ஒரே சீரான நீலத்தில் வந்து நிற்கும். மாஸ்க்கிலேயே ஊற்றிவிட்டு 'எல்லாம் காணாம போச்சுக்கா' என்று கூப்பிடாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. கண்ட்ரோல் இசட் இருக்கிறது.

கோலம், கம்பெனி சீல், கோவில் சின்னம் எல்லாம் இதே மாதிரிதான். சீல் இரண்டு நிறம் என்றால் மட்டும் கலர்ஸ் மெனுவின் கலர் டு ஆல்ஃபாவுக்குப் போக வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

மல்லிகைப்பூ

கடினமான வேலைக்கு வருவோம். பூப்புனித நீராட்டு பேனர். பெண் பிள்ளை பட்டுப் பாவாடையில், தலை நிறைய மல்லிகைச் சரம், பின்னால் வெள்ளையடித்த சுவர். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பூ, வெள்ளைச் சுவரில் பறக்கும் கறுப்பு முடி, இரண்டும் ஒரே தலையில். சுவரை எடுத்தால் பூ போகும். பூவைக் காப்பாற்றினால் முடிக்குள்ளே சுவர் தங்கும். ஒரே கருவியால் இரண்டையும் செய்ய நினைப்பதுதான் தப்பு.

இப்போது ஒரே கிளிக்கில் எடுத்துத் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். மணமகன் கோட்டு சூட்டில் நீலத் திரைக்கு முன்னால் நின்றால் அது போதும், வீம்புக்குக் கையால் வெட்ட மாட்டேன். ஆனால் பூச்சரத்தின் வெளி மொட்டுகளை அது கடித்துத் துப்பியிருக்கும். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கும் சின்ன முக்கோணத்தில் சுவரை விட்டுவைத்திருக்கும். இலவசத்தில் சின்ன அளவுதான் கிடைக்கும், பேனருக்கு ஆகாது. அதோடு அடுத்த வீட்டுப் பெண் பிள்ளையின் படத்தை ஊர் பேர் தெரியாத கம்ப்யூட்டருக்கு அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை.

நான் செய்வது இது. படத்தை இரண்டு லேயராக்குவேன். மேலே உள்ளதற்கு 'ஆள்' என்று பெயர், கீழே உள்ளதற்கு 'முடி'.

முதலில் 'ஆள்'. பாத்ஸ் கருவியை எடுத்து, இருநூறு சதவீதம் பெரிதாக்கி, தோள், கை, பாவாடை என்று புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். வளைவுக்கு ஒரு புள்ளி போதும், இழுத்தால் கோடு வளையும். இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றாகக் கோலப் புள்ளி மாதிரி வைத்தால் ஓரம் நெளியும். எல்லைக் கோட்டின் மேலே போகாமல் ஒரு புள்ளி உள்ளே தள்ளிப் போங்கள். பூச்சரத்துக்கு வந்ததும் நிதானம். ஒவ்வொரு வெளி மொட்டையும் சுற்றித்தான் வர வேண்டும், வேறு வழி இல்லை. சுவரும் பூவும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தால், கர்வ்ஸ் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கொண்டு இருட்டாக்கிய நகல் ஒன்றைத் தற்காலிகமாக மேலே வைத்துப் பாருங்கள், மொட்டின் நிழல் ஓரம் எழுந்து நிற்கும். முடிக்கு வந்தால் நேர் எதிர்: பறக்கும் இழைகளை விட்டுவிட்டு, கெட்டியான கொண்டைக்குள்ளேயே கோட்டை இழுத்துக்கொண்டு போய்விடுங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள சந்து, வளையல் இடைவெளி, அந்த ஜிமிக்கி முக்கோணம் எல்லாம் தனித்தனி வளையங்கள்.

எண்டர் தட்டினால் நீங்கள் போட்ட கோட்டுக்குள் இருப்பது தேர்வாகும். செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க் (தேர்வை உள்ளே சுருக்குவது) 1, ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குவது) 1 அல்லது 2. பிறகு ஆட் லேயர் மாஸ்க், இந்த முறை செலக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெலீட் அழுத்தாதீர்கள். டெலீட் செய்தது போனது போனதுதான். மாஸ்க் என்றால் வெள்ளை பிரஷ்ஷால் தடவினால் திரும்பி வரும். பெரியவரின் விபூதியை மாஸ்க்கில் மறைத்திருந்தால் நான்கு தடவலில் முடிந்திருக்கும். மறு பேனருக்கு மாஸ்க் போட்டுத்தான் செய்தேன், கிம்ப் லேயர், மாஸ்க்கோடு சேமிக்கும் அந்த எக்ஸ்.சி.எஃப். கோப்பையும் பத்திரமாக வைத்திருந்தேன். பத்து வருடம் கழித்து அதே மகன் அப்பாவின் எழுபதாம் வயது பீமரத சாந்திக்கு வந்தார். 'பழைய படத்தையும் ஓரத்துல வைங்கம்மா' என்றார். கோப்பைத் திறந்தவுடன் மனுஷன் குனிந்து முதலில் பார்த்தது நெற்றியை.

இப்போது 'முடி'. 'ஆள்' லேயரின் கண்ணை மூடிவிட்டு, கலர்ஸ், கலர் டு ஆல்ஃபா. எந்த நிறத்தை எடுக்க வேண்டும் என்று கேட்கும். வெள்ளை என்று விட்டுவிடாமல், முடிக்குப் பக்கத்திலேயே உள்ள சுவரைச் சொட்டுக்குழாயால் தொடுங்கள், சுவர் எப்போதும் கொஞ்சம் பழுப்பாகத்தான் இருக்கும். சுவரில் நிழல் மிச்சம் தெரிந்தால் டிரான்ஸ்பரன்சி த்ரெஷோல்டைக் கொஞ்சம் ஏற்றவும். முடி வெளிறித் தெரிந்தால் ஒபாசிட்டி த்ரெஷோல்டைக் கொஞ்சம் இறக்கவும். முகமும் பூவும் ஓட்டையாகி அலங்கோலமாக இருக்கும். இருக்கட்டும், அவை மேல் லேயரில் கெட்டியாக இருக்கின்றன. இந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க் ஒன்று போட்டு, மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் முடி பறக்கும் ஓரத்தை மட்டும் தடவித் திறந்துவிடுங்கள். 'ஆள்' கண்ணைத் திறந்தால் தலை முழுசாக நிற்கும், அதன் ஓரத்தில் இழை இழையாக முடியும் இருக்கும்.

ஓரத்தில் நிற்கும் பேய்

கறுப்பு முடியைச் சிவப்பில் வைத்தால் சுற்றிலும் வெளிறிய கோடு ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். என் கடையில் அதற்குப் பேய் என்று பெயர். அது ஏன் வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விரட்டும் வழியும் தெரிந்துவிடும்.

முடியின் ஓரத்தில் உள்ள ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு அந்தப் புள்ளியில் பாதி முடி, பாதி சுவர். கறுப்பு 0, வெள்ளை 255, ஆக அது சாம்பலாகப் பதிவாகிறது, கணக்குக்கு 128 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஃபெதர் போட்டு வெட்டும்போது அந்தப் புள்ளிக்குப் பாதி ஆல்ஃபா கிடைக்கிறது. சரிதானே என்று தோன்றும். ஆனால் நிறம் இன்னும் 128 சாம்பல்தான், அதற்குள் சுவர் ஒளிந்திருக்கிறது. அதை 128, 0, 0 என்ற அரக்குச் சிவப்பின் மேல் வைத்தால், பாதி சாம்பல் பாதி சிவப்பு சேர்ந்து 128, 64, 64 ஆகிறது. தரையை விட வெளிறிய புள்ளி. அதுதான் பேய். அந்தப் புள்ளியின் நிறம் சுத்தக் கறுப்பாகவும் ஆல்ஃபா பாதியாகவும் இருந்தால் 64, 0, 0 வரும். தரையை விட இருண்ட, முடிக்கு உரிய நிறம். சுவரை மறைத்தால் போதாது, ஓரத்துப் புள்ளியின் நிறத்துக்குள் இருந்தும் சுவரைப் பிழிந்து எடுக்க வேண்டும். கலர் டு ஆல்ஃபா செய்வது அந்தப் பிழிவதைத்தான். அதனால்தான் முடிக்கு அதை வைத்துக்கொள்கிறேன்.

தோள், கைப் பக்கத்தில் பேய் தெரிந்தால் வேறு வழி. மாஸ்க்கைத் தொடாமல் லேயரின் சின்னப் படத்தைத் தேர்ந்து, குளோன் கருவியால் உள்ளேயிருக்கும் தோல் அல்லது துணியின் நிறத்தை ஓரத்துக்கு இழுத்துப் பூசுங்கள். வெளியே வழிந்தாலும் மாஸ்க் மறைத்துக்கொள்ளும். வேறு யாரோ வெட்டிக் கொடுத்த பி.என்.ஜி. என்றால் மாஸ்க் இருக்காது. அதற்கு லேயர் பட்டியலுக்கு மேலே உள்ள லாக் ஆல்ஃபா சேனலை அழுத்திவிட்டுப் பூசினால், நான்காவது எண் அசையாது, நிறம் மட்டும் மாறும்.

பனியனுக்கு எல்லாமே தலைகீழ்

இவ்வளவு நேரம் ஓரம் மென்மையாக இருக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, பனியனுக்கு அது ஆகாது. கபடி டீம் பிள்ளைகளுக்கு ஒரு தடவை புலி படத்தைப் புகை நிழலோடு செய்து கொடுத்தேன். திரையில் பிரமாதம். கறுப்பு ஜெர்சியில் ஒட்டி வந்தபோது புலியைச் சுற்றி வெள்ளைப் பொடி தூவிய மாதிரி இருந்தது. "என்னக்கா, புலிக்குப் பொடுகா?" என்று ஒருத்தன் கேட்டான்.

டி.டி.எஃப். என்பது ஃபிலிமில் அடித்துத் துணிக்கு மாற்றும் முறை. அதில் நிறத்தை முதலில் ஃபிலிமில் அடித்து, அதன் மேல் வெள்ளை மை அடித்து, பசைப் பொடி தூவி, சூட்டில் துணியில் ஒட்டுகிறார்கள். துணியில் ஏறியபின் வெள்ளை அடியில் போய்விடும். நிறம் லேசாக இருக்கும் இடத்தில் அடியில் உள்ள வெள்ளை எட்டிப் பார்க்கும். பாதி ஆல்ஃபா என்பது மையால் செய்ய முடியாத காரியம். மை ஒன்று விழும் அல்லது விழாது. அதனால் பனியனுக்குப் போகும் நகலில் லேயர், டிரான்ஸ்பரன்சி, த்ரெஷோல்ட் ஆல்ஃபா போட்டு ஓரத்தைக் கத்தரித்த மாதிரி ஆக்கிவிடுங்கள். நிழல், புகை, ஒளிவட்டம் எல்லாம் எடுத்துவிடுங்கள். அதற்கு அளவு பெரிதாக இருக்க வேண்டும். அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் ரம்பப் பல் கண்ணுக்குத் தெரியாது. பேனருக்குச் செய்ததைப் பனியனுக்கும் அனுப்பாதீர்கள், ஒரே எக்ஸ்.சி.எஃப்.பிலிருந்து இரண்டு நகல் எடுங்கள்.

வெளியே அனுப்புவது

முதலில் அடியில் போட்ட சிவப்பு, கறுப்புத் தரை லேயர்களின் கண்ணை மூடுங்கள். இதை மறந்து அனுப்பி அசடு வழிந்ததுண்டு. இமேஜ் மெனுவில் கிராப் டு கண்டென்ட் போட்டால் சுற்றியுள்ள வெற்றிடம் ஒட்ட நறுக்கப்படும். ஷிஃப்ட் கண்ட்ரோல் ஈ அழுத்தி, பெயரின் கடைசியில் புள்ளி பி.என்.ஜி. போட்டு ஏற்றுமதி செய்யுங்கள். கம்ப்ரஷன் 9 என்று இருக்கும், பயப்பட வேண்டாம், பி.என்.ஜி. சுருக்கத்தில் படம் கெடாது. அந்தப் பெட்டியில் சேவ் கலர் வேல்யூஸ் ஃப்ரம் டிரான்ஸ்பரண்ட் பிக்சல்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். டிக் இருந்தால் நீங்கள் மறைத்த சுவரும், சுவரில் மாட்டியிருந்த காலண்டரும், பக்கத்தில் நின்ற ஆளும் ஆல்ஃபா 0 என்ற போர்வைக்குள் கோப்பிலேயே இருப்பார்கள். தெரிந்தவன் போர்வையை விலக்கிப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது ஜேபெக்காக்கிவிடும், நான்காவது எண் வழியிலேயே விழுந்துவிடும். டாக்குமெண்ட் என்று அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் அதை இன்னொருவருக்கு போட்டோவாக அனுப்பினால் மறுபடி கதை முடிந்தது. அதனால் 'டாக்குமெண்டாவே ஃபார்வர்ட் பண்ணுங்கண்ணே' என்று கூடவே ஒரு வரி எழுதிவிடுவேன்.

கடை லோகோ செய்து கொடுத்தால் இரண்டு கோப்பு கொடுங்கள். கறுப்பு எழுத்து லோகோ டார்க் மோட் போனில் இருட்டோடு இருட்டாகக் கரைந்துவிடும். ஒரு கோப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், லேயர், டிரான்ஸ்பரன்சி, ஆல்ஃபா டு செலக்‌ஷன் போட்டு, செலக்ட் மெனுவில் க்ரோ 4 கொடுத்து, அடியில் புது லேயர் போட்டு வெள்ளை ஊற்றுங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கரை வரும், எந்தத் தரையிலும் படிக்கலாம்.

போன வாரம் மளிகைக் கடை அண்ணன் ஒருவருக்கு லோகோ அனுப்பினேன், டாக்குமெண்டாகத்தான். அரை மணி நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "பேக்ரவுண்டே வேண்டாம்னு சொன்னேன், நீ கறுப்புல போட்டிருக்கியேம்மா." அவர் போன் கேலரியில் பின்னால் ஒன்றுமில்லை என்றால் அது கறுப்பாகத்தான் தெரியும். சொல்லிப் பார்த்தேன், ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் போனை வாங்கி, ஸ்டேட்டஸ் போடும் ஆப்பில் மஞ்சள் தரை ஒன்றைத் திறந்து, அதன் மேல் லோகோவை வைத்துக் காட்டினேன். பச்சைக்கு மாற்றினேன். மறுபடி மஞ்சளுக்கு. "அட, கண்ணாடி ஸ்டிக்கர் மாதிரியா?" என்றார். ஆமாண்ணே என்றேன். அதற்கப்புறம்தான் மீதிக் காசைக் கொடுத்தார்.